பின்வாசல் கணக்கு

தனபாக்கியம் படையாச்சிக்கு
ஐந்து சென்ட் பாக்கி
என்று என் நோட்டில் இருக்கிறது.
எழுபத்தாறாம் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை.
சில்லறை இல்லை அன்றைக்கு.

வக்கீல் என்றால் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன்.
இவர் சமையற்கட்டில் நின்று
கத்தரிக்காயை ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப்
புழுத்துளை தேடுவார்.
அரசாங்கத்துத் தாளையும்
அப்படித்தான் படித்தார்.

கோர்ட்டுப் படி ஏறக் கூடாது.
டர்பனைத் தாண்டக் கூடாது.
அவர் பேச்சைப் பத்திரிகை போடக் கூடாது.
ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல்
அவரோடு இருக்கக் கூடாது.
ஐந்து வருடத்துக்கு இப்படி ஓர் உத்தரவு.
எதிர்ச்சாரியில் காரை நிறுத்தி
உள்ளே போகும் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பான் ஒருவன்.
காய்காரியை அவன்
தலையில் சேர்க்கவில்லை.

அப்படித்தான் எனக்குக் கிடைத்தது
வாரம் கால் மணி நேரம்,
பச்சைமிளகாய் நிறுக்கிற நேரம்.

'இடிக்க வருகிறவன் முன்னால் அழாதே.
அழுகையை அவன் எழுதிக்கொள்ள மாட்டான்.
எழுத்துல குடு, அப்படிக் கேள்.
வாங்கினால் முதலில் தேதியைப் பார்.
பிறகு கையெழுத்து யாருடையது, பார்.'
மூன்றாவதாய் ஒன்று சொன்னார்.
அது எனக்கு மறந்துகொண்டே இருக்கும்,
அவரும் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பார்,
அரைத் தமிழில், அரை இங்கிலீஷில்,
கை மட்டும் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டு.

கேட்டேன்.
எழுத்தில் கொடுத்தார்கள்.
தேதி சரி. கையெழுத்து சரி. முத்திரை கூட நேராக இருந்தது.
வீட்டை இடித்தார்கள்.

அடுத்த வெள்ளி, கூடையை இறக்காமலே
வாசலில் நின்று திட்டினேன் அவரை.
உன் படிப்பும் நீயும் என்றேன்.
காரில் இருந்தவன் கூட எட்டிப் பார்த்தான்.
அவர் கையை நீட்டித் தாளை வாங்கினார்,
இரண்டு தரம் படித்தார்,
மடித்து என் கையிலேயே வைத்தார்.
'பத்திரமா வை.
நாளைக்கு நாங்க செய்யலன்னு சொல்வாங்க.'
அன்று அது எனக்கு ஆறுதலாக இல்லை.
இன்றும் முழுக்க இல்லை.

அவர் செத்தபோது
மண்டபம் கொள்ளவில்லை.
நீதிபதி ஒருத்தி மைக்கில் அழுதாள்,
பதினாறு வயதில் தனியாக அந்தப் படி ஏறினேன் என்றாள்.
துறைமுகத் தொழிலாளி ஒருவர், நானும் தனியாகத்தான் என்றார்.
ஒருவர் ஒருவராய்ப் போனவர்கள்
அன்றைக்குத்தான்
ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
நான் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.
என்னைப் பேச யாரும் கூப்பிடவில்லை.
கூப்பிட்டிருந்தால் கத்தரிக்காய் விலை சொல்லியிருப்பேன்.

பிறகு வந்தது எங்கள் ஆட்சி. ஓட்டுப் போட்டோம்.
எங்கள் ஆட்சியின் ஆள்தான்
அட்டையும் பேனாவுமாய்ச் சந்தைக்கு வந்து
வெள்ளிக்குள் காலி செய்யுங்கள் என்றான்.
மல்லிக்கட்டை உதறியபடி நான் கேட்டேன்.
'எழுதிக் குடு.'
சிரித்தான்.
பக்கத்துக் கடையில் சோளம் சுடும் தண்டாசிலே
நிமிராமலே சொன்னாள், 'குபாலே பான்சி.'
அவளுக்கு அடுத்தவள் சொன்னாள்.
அதற்கப்பால் யார் சொன்னார்களோ, எனக்குத் தெரியவில்லை,
வரிசை நீளம், புகை வேறு.
அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.
வெறும் அட்டை.

பத்து நாள் கழித்துத் தாளோடு வந்தான்.
தேதி தப்பு.

அன்றிரவு நோட்டைப் புரட்டினேன்.
ஐந்து சென்ட் காசு இப்போது செல்லாது,
அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.
நான் அடிக்கவில்லை
அந்த வரியை.